அத்தை இறக்கி வைக்காத மண்

சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் நம்மில் பாதிப் பேர் ஒரு கணம் விழிப்போம். திருப்பூர் என்று சொல்லிப் பார்ப்போம். எதிராளி விடமாட்டார். "அது சரிங்க, பூர்வீகம்?" என்பார். உடனே ஒருத்தி காங்கயத்துக்குத் தெற்கே என்பாள், இன்னொருத்தி தாராபுரத்துக்கு அக்கட்ட என்பாள். காலையில் நடக்க வந்து, நடப்பதை விட்டுவிட்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற நம் கூட்டத்திலேயே இந்த மண்ணில் மூன்று தலைமுறை கண்டவர் ஒருவர்கூட இல்லை. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் மட்டும் நழுவிவிடுவதாக நீங்கள் குறை சொல்கிறீர்கள். நழுவுவது உண்மைதான். நான் மடத்துக்குளத்துக்காரியாக ஆகியிருக்க வேண்டியவள். பத்து வயதில் என்னை அங்கே கொண்டுபோய் ஊன்றிவிடப் பார்த்தார்கள். அதைச் சொல்ல ஆரம்பித்தால் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும், அதனால்தான் நழுவினேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். முட்டிவலிக்காரர்கள் வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்கள் வீடு லைன் வீடு. வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்ற வீடுகளில் முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டுக்காரர் நூறு வயசு என்பார். அந்த வருஷம் மாசி, பங்குனியில் அம்மாவின் இருமல் நிற்கவே இல்லை. அவளுக்கென்று தனி டம்ளர், தனிப் பாய் வந்தது. முழுப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை. அப்பா பொடக்காளியில், அதுதான் புழக்கடையில், தீ மூட்டி அம்மாவின் தலையணையை எரித்துக்கொண்டிருந்தார். பஞ்சு எரிகிற நாற்றம் தொண்டையைப் பிடித்தது. பனியன் வேஸ்ட்டில், வெட்டி விழுந்த துணியில், கறுப்பு நூலால் கண் வைத்து அம்மா எனக்குத் தைத்துக் கொடுத்த பொம்மையும் அந்தத் தீயில்தான் கிடந்தது.

"அது அம்மா கைபட்டது கண்ணு, ஆகாது. வேற வாங்கித் தர்றேன்" என்றார் அப்பா.

அம்மா எங்கே என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்றார். நம் காலத்துப் பெரியவர்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் உண்மை சொல்வது அவர்களுக்குக் கெட்ட பழக்கம். அம்மாவுக்கு வந்தது காசநோய் என்பதையும், அவளை வைத்திருந்தது ஊருக்கு வெளியே அந்த நோய்க்கென்றே இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் என்பதையும் நான் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரமே மாமன் வந்தார். அம்மாவின் அண்ணன், மடத்துக்குளத்தில் தோட்டம் வைத்திருப்பவர். "லீவுதானே கண்ணு, மாமன் ஊட்டுக்கு வந்து கரும்பு தின்னுட்டுப் போலாம் வா" என்றார். தகரப் பெட்டியில் என் பாவாடை சட்டைகளை அவரே மடித்து வைத்தார். அத்தனையையும் எதற்காக வைக்கிறார் என்று எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது.

பல்லடம் தாண்டும்வரை எனக்குப் பழக்கமான சத்தங்கள்தான். தறி ஓடுகிற சத்தம், லாரிக்காரர்கள் ஏசுகிற சத்தம். உடுமலையில் இறங்கி வேறு பஸ் ஏறியதும் எல்லாம் அடங்கிவிட்டது. மடத்துக்குளத்தில் இறங்கி மாமனின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன். வழியெங்கும் வெல்லம் காய்ச்சுகிற வாசனை. மாமன் வீடு ஊருக்குள் இல்லை, வாய்க்கால் பாசனக் காட்டில், கரும்புக்கு நடுவில் தனியாக இருந்தது. சுற்றிலும் எந்தப் பக்கம் பார்த்தாலும் கரும்பு, அதற்கு மேல் வானம். காற்றடித்தால் சோகைகள், அதுதான் கரும்புத் தோகைகள், ஒன்றோடொன்று உரசும். யாரோ ஓயாமல் நம்மைப் பற்றிக் குசுகுசுவென்று பேசுவது மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அத்தைக்குப் பேச்சே கிடையாது. வாசலில் நின்று "வா கண்ணு" என்றாள், தலையைத் தடவினாள், சோறு போட்டாள், அவ்வளவுதான். மாமனுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நிமிர்ந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். மனிதர்கள் இருந்தும் பேச ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. மத்தியான நேரங்களில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, லைன் வீட்டு ஆட்களின் பெயர்களை முதல் வீட்டிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள், உங்களை அப்படிக் கொண்டுபோய் விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஊருக்குள் போனால் அது வேறு விதம். ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்டவர்கள் ஊர்க்காரர்கள். மாமனும் அவரைச் சேர்ந்த ஏழெட்டுக் குடும்பங்களும் "தண்ணிக்கு வந்தவங்க". டீக்கடையில் மாமனைப் பார்த்ததும் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, "வாங்க, ஆரு கூட? மேட்டாங்காட்டு ஒறம்பரையாட்ட இருக்குது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் மேட்டாங்காடு என்றால் மழையை நம்பிக் கிடக்கிற வறண்ட நிலம், அங்கேயிருந்து வந்த உறவாக்கும் என்று சொல்லிக் காட்டுவதும் அதில் இருந்தது. மாமன் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார். ஊரைவிட்டு வந்து அத்தனை வருஷம் ஆகியும் அவர் அங்கே ஒறம்பரைதான், வந்துபோகிற விருந்தாளிதான்.

அந்த வந்த கதையை எனக்கு முழுசாகச் சொன்னவள் கிழக்குத் தோட்டத்துக்காரி. அவளும் தண்ணிக்கு வந்தவள். அத்தைக்குச் சேர்த்து அவளே பேசிவிடுவாள். ஒரு நாள் வேப்பமரத்தடியில் விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அத்தை எதற்கோ உள்ளே போனதும் அவள் என் பக்கம் நகர்ந்தாள்.

"உங்கம்மா பொறந்த ஊர்ல கெணறு வெட்டுனா பாறைதான் வரும் கண்ணு. அணை கட்டறாங்க, வாய்க்கா வருதுன்னு சேதி வந்ததும் உன்ற மாமந்தான் மொதல்ல வந்து காடு பாத்துட்டு வந்தாரு. எல்லாத்தையும் வித்துப்போட்டு வண்டி கட்டிட்டு வந்தோம். ஆட்டாங்கல்லுகூட ஏத்துனோம்னா பாரு. கெட்டும் பட்டணம் சேருன்னு ஊரே திருப்பூருக்குப் போகுது, நாங்க இந்தப் பக்கம் வந்தோம்."

ஆட்டாங்கல்லோடு அம்மனையும் கொண்டுவந்தார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் தங்கள் அம்மன் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரிந்ததுதான். பிடிமண் என்போம். போன இடத்தில் அந்த மண்ணை வைத்துக் கோயில் எழுப்பினால் அம்மனும் கூட வந்துவிட்டதாகக் கணக்கு. ஆனால் வழியில் எங்கேயும் அதைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்த இடத்தை அவள் பிடித்துக்கொள்வாள், பிறகு எழுந்து வரமாட்டாள். பெரிய குடும்பத்து மூத்த மருமகள் அதைக் குடத்தில் போட்டு மடியில் வைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த மூத்த மருமகள் என் அத்தை.

"இன்னும் ஒரு மைல் இருக்குது, இதா வந்துட்டோம். உங்கத்தை கொடத்தைக் கொண்டுபோய் வாய்க்கா மேட்டுல எறக்கி வெச்சுப்போட்டா. அம்மன் அங்கயே உக்காந்துட்டா. இன்னைக்கும் வெளக்குப் போடோணும்னா அந்த முள்ளுக்காட்டுக்கு நடக்கறோம். அவளுக்கு ஒரு கொழந்தை இருந்துச்சு கண்ணு, ஒரு வயசு. மண்ணை எறக்குனா, கொழந்தை போயிருச்சு. அதோட வவுறும் தொறக்கலை." அவள் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். "அதுக்கப்பறந்தான் ஒரு சட்டம் வெச்சோம். புதுசா ஆரு இங்க குடிவந்தாலும், மருமகளா வந்தாலும், அவிய பொறந்த மண்ணு ஒரு பிடி கொண்டாந்து அம்மன் காலடீல வெக்கோணும். வெச்சுட்டா இந்த ஊருதான். திரும்பிப் போற பேச்சே இல்ல."

அத்தை திரும்பி வந்ததும் கிழக்குத் தோட்டத்துக்காரி மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. அப்பா வரவில்லை. ஒரு திங்கட்கிழமை மாமன் என்னை மடத்துக்குளம் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். சிலேட்டும், கண்ணாடி வளையலும் வாங்கிக் கொடுத்து, "இனி மாமனோடயே பள்ளிக்கொடம் போலாம்" என்றார். மாமன் கெட்டவர் இல்லை. என்மேல் அவ்வளவு ஆசையாக இருந்தார். எனக்குத்தான் அந்த வளையல் கையில் கிடந்து உறுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்த ஊர்க்காரப் பெண் முதல் நாளே, "நீயும் தண்ணிக்கு வந்தவளா?" என்று கேட்டாள். இல்லை, லீவுக்கு வந்தேன் என்றேன். லீவுதான் முடிந்துவிட்டதே என்றாள்.

சாயங்காலம் அத்தையிடம் கேட்டேன். "எப்பங்கத்தை நான் எங்க ஊட்டுக்குப் போறது?"

அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "மாமனைக் கேளு கண்ணு" என்றாள். மாமனைக் கேட்டால், "இதும் உன்ற ஊடுதான்" என்றார்.

ஆனி மாதத்தில் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பனியன் துணியில் தைத்த உள்பாவாடைகள் கொண்டுவந்தார். மாமனோடு வெகுநேரம் வரப்பில் நின்று பேசினார். கிளம்பும்போது அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா என்னையக் கேட்டாங்களாப்பா?" என்றேன்.

"நீ இங்க சந்தோஷமா இருக்கற, அவளைத் தேடறதே இல்லைன்னு சொல்லியிருக்கேன். அவளுக்கு அது போதும் கண்ணு, நிம்மதியா இருப்பா." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். ஒருத்தருக்கு ஒருத்தரைத் தேடுது என்றால் அவர் இல்லாமல் மனசு ஏங்குது என்று நம் பக்கத்தில் அர்த்தம், உங்களுக்குத் தெரியாததா.

அன்றைக்கு அவர் சொன்னதன் கொடுமை எனக்குப் புரியவில்லை. அம்மா என்னைக் கேட்கவில்லையோ என்றுதான் நினைத்து அழுதேன். இப்போது அப்பாவின் வயதையும் தாண்டிவிட்டேன். அவர் அதை நல்லதென்று நினைத்தே செய்தார் என்று தெரிகிறது. தெரிந்தாலும் வயிறு எரிகிறது, என்ன செய்யச் சொல்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அத்தை ஒரு தூக்குப்போசியில் எண்ணெய் எடுத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டுக்குப் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் தனியாக இருக்க மனசில்லாமல் நானும் பின்னாலேயே போனேன். அவள் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கோயில் என்று சொன்னால் நீங்கள் கோபுரத்தைத் தேடுவீர்கள். இடுப்புயரச் சுவர், ஓட்டுக் கூரை, உள்ளே மஞ்சள் பூசிய ஒரு கல், அவ்வளவுதான். சுற்றிலும் வேலா முள். வாய்க்கால் கோடைக்கு வறண்டு வெடித்துக் கிடந்தது. அத்தை விளக்குப் போட்டாள். மீதி எண்ணெயோடு பத்தடி தள்ளிப் போய் ஒரு நொச்சிப் புதரடியில் இன்னொரு அகல் ஏற்றினாள். அங்கே கல் எதுவும் இல்லை.

"இங்கயா அத்தை பாப்பா இருக்குது?"

அத்தை திடுக்கிட்டாள். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை, தெரிந்துதான் இருக்கும். அங்கேயே உட்கார்ந்தாள். என்னையும் உட்கார வைத்தாள். அன்றைக்குத்தான் அவள் என்னிடம் முழுசாக நாலு வார்த்தை பேசினாள்.

"ரெண்டு நாளாக் காய்ச்சல் கண்ணு அதுக்கு. பின்னால வண்டீல கெழக்குத் தோட்டத்தா மடீல கெடந்துச்சு. என்ற மடீல கொடம். வழி நெடுக என்னையத் தேடித்தேடி அழுதுச்சு. எனக்குக் காதுல கேட்டுட்டே இருந்துச்சு. கொடத்தை எறக்கக் கூடாது, எறக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். இந்த எடத்துக்கு வர்றப்ப அழுகை நின்னுபோச்சு. கண்ணு சொருகி இழுப்பு வந்துருச்சுன்னு கத்துனாங்க. அப்பத்தான் கொடத்தைக் கீழ வெச்சுப்போட்டு ஓடுனேன்."

"அப்ப இழுப்பு வந்ததுதானுங்க முன்னால. நீங்க எறக்குனது அப்பறந்தானே."

"ஆமா. எல்லாரும் அதைத் திருப்பிச் சொல்றாங்க."

"நீங்க சொல்லலாமல்லீங்க?"

"ஆரு கேட்டாங்க?" என்றாள் அத்தை. அகல் திரியைத் தூண்டிவிட்டு, "எறக்குனது தப்பில்ல கண்ணு. நேரங்கழிச்சு எறக்குனேன். அதுதான் தப்பு" என்றாள்.

திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பழையபடி வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் அன்றைக்கப்புறம் எனக்கு அந்த வீட்டில் அவ்வளவு பயமாக இல்லை.

ஆடி பிறந்தது. அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள் என்று சேதி வந்ததும் தண்ணிக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் கால் தரையில் பாவவில்லை. தண்ணீர் வருகிற அன்று வாய்க்கால் மேட்டில் பொங்கல் வைப்பது அவர்கள் வழக்கம். முதல் நாள் மாமன் திருப்பூர் போய்விட்டு சாயங்காலம் திரும்பினார். கையில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. அதை மாடக்குழியில் வைத்துவிட்டு, "ஆரும் கீழ வெச்சறாதீங்க" என்றார்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பனியன் துணி, ஓரத்தில் கத்தரி போன தடம். அப்பா மேசையிலிருந்து விழுகிற வேஸ்ட்டை எந்த ஊரில் பார்த்தாலும் எனக்குத் தெரியும். தொட்டால் உள்ளே மண் நெறுநெறுத்தது. எங்கள் லைன் வீட்டு வாசல் மண். அது யாருக்காக வந்திருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிழக்குத் தோட்டத்துக்காரி சட்டத்தை ஏற்கெனவே சொல்லியிருந்தாள். வைத்துவிட்டால் இந்த ஊர்தான், திரும்பிப் போகிற பேச்சே இல்லை. வெளியே ஓடி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அங்கேயிருந்து சமையல்கட்டில் பேசுவது கேட்கும். மாமன் அத்தையிடம் சொன்னார். "டாக்டரு கையை விரிச்சுட்டாராம். மாப்பிள்ளையும் ஒத்துக்கிட்டாரு. நாளைக்கு மண்ணு வெச்சறலாம். இனி அவ நம்ம பொண்ணு. உனக்குந்தான் ஒரு புள்ளையாச்சு."

"அம்மிணிக்குத் தெரியுங்களா?" அம்மிணி என்று அத்தை சொன்னது என் அம்மாவை.

"அவகிட்ட எதுக்கு? பொண்ணு அம்மாளையே மறந்துட்டு வெளையாடுதுன்னு சொல்லித்தான் அவளைத் தேத்தி வெச்சிருக்குது. இவகிட்டயும் இப்ப எதும் சொல்ல வேண்டாம். சின்னப் புள்ளைக நாலு நாள்ல மறந்துரும்."

மாவிளக்குக்கு மாவு இடிக்கிற உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அத்தை மேலும் கோபம் வந்தது. அவளுக்குப் பிள்ளை வேண்டும், அதனால் வாயை மூடிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை எல்லோரும் வாய்க்கால் மேட்டில் கூடிவிட்டார்கள். எனக்குப் புதுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். வெகுதூரத்தில் பிள்ளைகள் கத்தினார்கள். தண்ணீர் வந்தது. நீங்கள் நினைப்பது போலப் பொங்கிப் புரண்டு வரவில்லை. குப்பையையும் செருப்பையும் காய்ந்த சாணியையும் முன்னே தள்ளிக்கொண்டு, நுரைத்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வந்தது. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள். கிழக்குத் தோட்டத்துக்காரி அழுதாள். அவர்கள் விற்றதும் விட்டதும் எல்லாம் அந்தத் தண்ணீருக்காகத்தான்.

பொங்கல் பொங்கியதும் மாமன் என்னை அம்மன் முன்னால் உட்கார வைத்தார். முடிச்சை அத்தையிடம் நீட்டினார். "புள்ள கையைப் புடிச்சு நீயே வெச்சுடு. போனதெல்லாம் இன்னையோட சரியாப் போகட்டும்" என்றார். அத்தனை வருஷமாக அவளைப் பொங்கல் பானையைக்கூடத் தொட விடாதவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அவளுக்கு அவர்கள் செய்கிற பெரிய உபகாரமாக்கும் அது. நான் கையை இறுக மூடிக்கொண்டேன். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

அத்தை முடிச்சை வாங்கினாள். குனியவில்லை. "ஏனுங்க, இவளைப் பெத்தவ உசுரோட இருக்கறாளுங்களா இல்லீங்களா?" என்றாள்.

மாமன் சுற்றிலும் பார்த்தார். "இதென்ன பேச்சு இங்க வந்து. இருக்கறா."

"அப்பறம் இந்த மண்ணு எதுக்குங்க? அங்க ஒருத்தி புள்ளையத் தேடிட்டுக் கெடக்கறா. இங்க இது தெனம் கெணத்து மேட்டுல உக்காந்து அம்மாளைத் தேடுது. மண்ணு பெருசுன்னு நான் ஒருக்கா உக்காந்திருந்தது போதும். மறுக்கா என்னால ஆகாதுங்க."

சொல்லிவிட்டு முடிச்சைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகினாள். என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரி கண்ணு. உங்கம்மாளைப் பாக்கப் போலாம்."

"நீ செய்யறது நல்லால்ல" என்றார் மாமன். அத்தை நிற்கவில்லை. யாரும் மறிக்கவும் இல்லை. அம்மன் முன்னால் பிடிமண்ணை வைத்திருக்கிறவளைத் தொடப் பயந்தார்கள் போலிருக்கிறது. வாய்க்கால் கரையோடு நடந்து ரோட்டுக்கு வந்துவிட்டோம். அத்தை காலில் செருப்பில்லை. கையெல்லாம் மஞ்சளும் மாவும்.

அவள் அதற்குமுன் உடுமலையைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லை என்று பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். வாயே திறக்காத என் அத்தை அன்றைக்குக் கண்டக்டரைக் கேட்டாள், பூக்காரியைக் கேட்டாள், ரோட்டில் போகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். மத்தியானத்துக்குள் அப்பா வேலை செய்த கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டோம். அப்பா தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்தார், எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணா" என்றாள் அத்தை.

"கொழந்தைகளை உள்ள உடமாட்டாங்கம்மா."

"வெளிய நின்னு பாக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் வேப்பமரங்களுக்கு நடுவே நீளநீளமாகக் கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் வராந்தா. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் எங்களை நிறுத்திவிட்டு அப்பா உள்ளே போனார். வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸோடு அம்மா வந்தாள். அவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சேலை மட்டும் பெரிதாக இருந்தது, உள்ளே ஆளைக் காணோம். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கிட்டே வராதே என்று கையைக் காட்டினாள். இருமல் நின்றதும் கேட்டாள்.

"என்னைய உனக்குத் தேடவே இல்லைன்னு சொன்னாங்க. நெசமா கண்ணு?"

கேள்வியில் கோபம் இல்லை. தேடவில்லை என்று நான் சொல்லியிருந்தால் அதையும் சரி என்று வாங்கிக்கொண்டு உள்ளே போயிருப்பாள். அத்தை பின்னாலிருந்து என் முதுகில் கை வைத்தாள்.

"தேடுச்சும்மா. தெனமும் தேடுச்சு. உங்களுக்குத்தான் என்னையத் தேடலைன்னு நெனச்சேன்" என்றேன்.

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவில் சிரித்தாள். அப்பா ஒரு வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஒருத்திக்கு நிம்மதி என்று சொல்லி இரண்டு பேரையும் அநாதையாக்கி வைத்திருந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

பிறகு அம்மா அத்தையைப் பார்த்தாள். "எனக்கப்பறம் இவளை நீங்கதான்…" என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் அம்மிணி. இன்னைக்கு இவ உன்ற புள்ள" என்றாள் அத்தை.

அம்மா புரட்டாசிவரை இருந்தாள். அதுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அந்தக் கம்பிவேலிக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் நடந்தது, லைன் வீட்டுச் சண்டை, எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொல்வேன், அவள் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். என் வாழ்க்கையில் அம்மா என்று எனக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான். அம்மா போனபிறகு மாமன் என்னைக் கேட்டு வரவில்லை. சபையில் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று அவருக்கு அத்தை மேல் தீராத கோபம். தானாக வந்த பிள்ளையை வேண்டாமென்றவளுக்கு இனி எதற்குப் பிள்ளை என்று சொன்னாராம். அப்பாவும் என்னை யாருக்கும் கொடுக்கவில்லை. இந்த ஊரிலேயே வளர்ந்து, இந்த ஊர்க் கம்பெனியிலேயே செக்கிங் டேபிளில் நின்று கிழவியானேன். அந்த மண் முடிச்சு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அந்த ஆடிப்பெருக்கு அன்றிரவு அத்தை எங்கள் லைன் வீட்டில் என் பக்கத்தில் படுத்திருந்தாள். விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அப்பாவும் நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா வெற்றிலை வாங்கப் போனார்.

"மாமா திட்டுவாருங்களா அத்தை?"

"திட்டட்டும். என்னைத் திட்டறது அவங்களுக்கென்ன புதுசா" என்றாள்.

எனக்கு வேறொன்று கேட்க வேண்டும் போலிருந்தது. முந்தின நாள் முழுக்க எல்லோரும் யாரையாவது தேடியதைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள். பஸ் உறுமியது. ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கி நின்று கேட்டேன்.

"உங்களுக்கு என்னையத் தேடுமா அத்தை?"

அத்தை என்னைப் பார்த்தாள். அவளை யாராவது ஏதாவது கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்ததோ. கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. அவள் விடவில்லை. நான் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். ஸ்டாண்டு வாசலில் பஸ் திரும்பியபோதுதான் கை விட்டுப்போனது.

"தேடும் கண்ணு" என்று அத்தை சொன்னது பஸ் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. "நெறையத் தேடும்."